பேட்டரியை மாத்தியாச்சு

போன வாரம் பெரம்பலூரில் என் கடைக்கு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வந்தது. ஓடி வரவில்லை. துறையூர் ரோட்டில் பாதி வழியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டைத் தூக்கினேன். குப்பென்று அடித்தது அந்த நாற்றம்.

ஒயர் எரிந்தால் ஒரு நாற்றம், ரப்பர் எரிந்தால் ஒரு நாற்றம். இது இரண்டும் இல்லை. எலக்ட்ரானிக் பெட்டிக்குள் இருக்கிற சாமான்கள் ஆடாமல் இருக்க மேலே பிசின் ஊற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பிசின் கருகினால் வருகிற நாற்றம். சட்டியில் மறந்துபோன கருவாடு மாதிரி இருக்கும். ஒரு தடவை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் இறங்காது.

"யாரு தப்பும்மா இது?" என்று வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டேன். "பெட்டி போச்சு சார். யாரு தப்புன்னு எங்கிட்டக் கேக்காதீங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். பாவம் அந்த மனுஷன், தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் என் கோபத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கோபத்துக்கு வயது பதினாலு. அது பிறந்தது அரியலூரில்.

அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் நாள் முழுக்க ஓடுகிற ரோட்டில் செல்வராசு அண்ணன் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். அந்த ரோட்டில் டீக்கு மேல் ஆடை படியாது, புழுதிதான் படியும். கிளாஸை வாங்கியதும் உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். இப்போதும் நான் எங்கே டீ குடித்தாலும் மூடிக்கொண்டுதான் குடிக்கிறேன். பார்க்கிறவர்கள் கண்ணேறு பட்டுவிடும் என்று மூடுகிறேன் என நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்திருந்தேன். எலக்ட்ரீஷியன் வேலை என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போனேன். முதல் நாளே அண்ணன் என்னை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து பில் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

"லாரிக்காரனுவ பொம்பளப் புள்ள கை வச்சா ஒத்துக்க மாட்டானுவ பாப்பா. நீ பில்லு போடு, போதும்."

பாப்பாவாம். எனக்கு இருபத்திரண்டு வயது. என்னோடு படித்த பையன் ஒருத்தன், பல்பு ஹோல்டரைத் தலைகீழாகப் பிடிப்பவன், அடுத்த தெருக் கடையில் சேர்ந்த முதல் வாரமே லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். அவனை யாரும் தம்பிப்பாப்பா என்று கூப்பிடவில்லை. எட்டு மாதம் பில் போட்டேன். ஹெட்லைட் எரியாத லாரியைப் பார்த்தால் கை அரிக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கே கோளாறு என்று சொல்வேன். கேட்டுக்கொண்டு போய் வேறு யாராவது சரிசெய்வார்கள். அதற்கும் நான்தான் பில் போடுவேன்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

பெரம்பலூரில் இரண்டு கடைகளில் கைவிரித்த கார் அது. எறையூர்ப் பக்கம் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது. அவரை எங்கள் கடையில் எறையூர்க்காரர் என்றே சொல்வோம். வெள்ளைக்காரன் நாட்டுப் பந்தயக் கார். மாதுளம்பழ நிறம், இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். அவருடைய அப்பா திருச்சியில் யாரிடமோ வாங்கியதாம். கடை வாசலில் நின்றதும் லாரி டிரைவர்கள் கூடிவிட்டார்கள்.

"என்னாண்ணே, முழுசா வாங்க வசதியில்லன்னு பாதிக் காரு வாங்கிட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"அவுங்கூட்டு நாய்க்கு வாங்குனதா இருக்கும்டா" என்றான் இன்னொருவன்.

எறையூர்க்காரர் சிரிக்கவில்லை. அந்தக் கார் என்றால் அவருக்கு உயிர். ஆனால் அது ஓடினால்தானே? பழைய கார்களில் பிளக்குக்குப் பொறி கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒரு சாமான் இருக்கும். இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டுத் தொட்டு விலகும். விலகும் ஒவ்வொரு தடவையும் காயில் என்கிற கம்பிச்சுருள் ஒரு பொறியை அனுப்பும். கொஞ்ச நாளில் அந்த முனைகள் கரிந்து குழி விழும். வண்டி விக்கும், நிற்கும். எறையூரிலிருந்து குரும்பலூரில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் நிற்குமாம். ஒவ்வொரு இடத்திலும் டிரைவர் கலியமூர்த்தி இறங்கி, சட்டைப் பையிலிருந்து மடித்த எமரித்தாளை எடுத்து அந்த முனைகளைச் சுரண்டுவார். வண்டி கிளம்பும். அந்தக் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் அது கிளம்பாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில்தான் அவருடைய சோறு இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எறையூர்க்காரரின் மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தார். எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும். சுற்றும் தண்டில் ஒரு காந்த வளையம் மாட்ட வேண்டும். தொடுவது கிடையாது, தேய்வது கிடையாது, எமரித்தாள் கிடையாது. கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். அண்ணன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"பாப்பா, என்னமோ போட்டிருக்கான், படி."

படித்தேன். படித்துவிட்டு, "இத நானே போடுறேண்ணே" என்றேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். வேறு யாருக்கும் அந்தத் தாள் புரியாது என்பது அவருக்குத் தெரியும். "சரி. இத ஓட வச்சுக் காட்டு. அப்பறம் லாரில கை வையி, நான் ஒண்ணும் சொல்லல. ஓடல, பில்லு புக்கோட கெட. அந்தப் பெட்டி இங்க எங்கயும் கெடைக்காது, பாத்துக்க."

அன்று சாயங்காலம் விக்கிரமங்கலம் பஸ்ஸில் கண்டக்டரிலிருந்து கீரைக்கட்டுக் கூடைக்காரி வரை எல்லோரிடமும் சொன்னேன், நாளைக்கு நான் பந்தயக் கார் பார்க்கப் போகிறேன் என்று. கூடைக்காரி, "எங்கம்மா ஓடவுடுறாங்க? நானும் வரேன்" என்றாள். அந்த லட்சணத்தில் இருந்தது என் பெருமை.

மறுநாள் காலையில் மீட்டரை வைத்தேன். எல்லா வண்டியிலும் பேட்டரியின் ஒரு முனை வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும். நம் ஊரில் ஓடுகிற வண்டிகளில் அது மைனஸ். பாடி என்றாலும் எர்த்து என்றாலும் மைனஸ் என்றாலும் கடையில் ஒரே பொருள்தான். மீட்டர் தலைகீழாகக் காட்டியது. அண்ணன் எட்டிப் பார்த்து, "மீட்டரு ரிப்பேரு. ரெண்டு தட்டு தட்டு" என்றார். தட்டினேன். வேறு மீட்டர் வைத்தேன். டெஸ்ட் லாம்ப் வைத்தேன். ஒயரை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன். அரைநாள் போய்விட்டது. கலியமூர்த்தி எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி மென்றுகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டுச் சொன்னார்.

"என்னா பாப்பா, கண்டுபுடிச்சாச்சா? அந்த வண்டிக்கு பாடில பிளஸ்ஸு. வெள்ளக்காரன் அப்புடித்தான் செஞ்சு அனுப்புனான்."

"தெரிஞ்சுக்கிட்டா உக்காந்திருந்தீங்க? காலையிலயே சொல்ல வேண்டியதுதானண்ணே?"

"டிப்ளமா படிச்ச புள்ளக்கி நான் சொல்லித் தரதாக்கும்? நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலு!"

கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் தெளிவாகப் போட்டிருந்தது: பாடியில் மைனஸ் இருக்கும் வண்டிக்கு மட்டும்தான் இந்தப் பெட்டி. அப்படியென்றால் பெட்டிக்காக வண்டியையே திருப்ப வேண்டும்.

திருப்பினேன். மறுநாள் கலியமூர்த்தி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பேட்டரியைத் தலைமாற்றி மாட்டினேன். காயிலின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினேன். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் டைனமோவுக்குள் இருக்கும் இரும்பு பழைய திசையிலேயே கரண்ட் கொடுக்கும். பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அதன் ஃபீல்டு முனையில் இரண்டு மூன்று தடவை உரசினால் பொறி பறக்கும், திசை மாறிவிடும். அதையும் செய்தேன். பேட்டரியின் பிளஸ் முனை தடியாக இருக்கும், மைனஸ் ஒல்லியாக இருக்கும். திருப்பிப் போட்டதில் ஒரு கிளாம்பு லொடலொடவென்று ஆடியது, இன்னொன்று ஏறவே இல்லை. புதுக் கிளாம்பு கேட்டேன். "ஓடுதான்னு மொதல்ல பாரு, அப்பறம் சிங்காரிக்கலாம்" என்றார் அண்ணன். ஆடியதற்குள் ஈயத்தகடு சுற்றினேன், ஏறாததை ஆப்பு வைத்து விரித்தேன். பிறகு பெட்டியைப் பொருத்தி, சிவப்பை காயில் பிளஸ்ஸுக்கும் கறுப்பை மைனஸ்ஸுக்கும் கொடுத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் தட்டு லேசாகத் திரும்பும்போது ஒயர் இழுபடக் கூடாது, தண்டில் உரசவும் கூடாது. அந்த இரண்டு விரல் நீள ஒயரை மட்டும் ஐந்து தடவை கழற்றி வைத்தேன்.

சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. விக்கல் இல்லை, இருமல் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தம் ஒரே சீராகும் இடத்தில் இறுக்கினேன். பானெட்டின் மேல் டீ கிளாஸை வைத்தேன், டீ தளும்பவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை.

சாயங்காலம் எறையூர்க்காரர் வந்தார். நான் அவரிடம் சொன்னேன், "பேட்டரிய மாத்தி மாட்டிருக்கேங்க. ஞாபகம் வச்சுக்கங்க."

"மாத்தியாச்சா? சரிம்மா. நல்ல பேட்டரிதான?"

"நல்ல பேட்டரிதாங்க."

கலியமூர்த்தி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். நாற்பது வருஷம் சுரண்டிய கை ஸ்டீயரிங்கில் சும்மா கிடந்தது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: அண்ணே, பாடில இப்ப மைனஸ்ஸு. சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். என்னை அரைநாள் அலையவிட்டவர்தானே, தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டால் "எட்டாங்கிளாஸுக்கு நான் சொல்லித் தரதாக்கும்?" என்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் பாடம்கூடப் பண்ணி வைத்திருந்தேன்.

பதினோரு நாள் ஓடியது அந்தக் கார். பதினோரு நாளும் நான் லாரியில் வேலை செய்தேன். அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. முதல் லாரிக்காரன் சேலத்துக்காரன். நான் அடியில் படுத்திருக்கும்போது குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஹெட்லைட் எரிந்ததும், "பரவால்லியே" என்றான். அந்தப் பரவால்லியேயை வீட்டில் போய் நாலு தடவை சொன்னேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்கு நம் ஆட்கள் வண்டியைக் கழுவுவது உங்களுக்குத் தெரியும். வெளியே கழுவினால் போதாது. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக் கழுவி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து மாட்டுவார்கள். கலியமூர்த்தி பேட்டரியைக் கழற்றினார். வெந்நீர் ஊற்றிக் கழுவினார். ஈயத்தகடு கீழே விழுந்தது, குப்பை என்று எறிந்தார். பொட்டு வைத்தார். நாற்பது வருஷமாக மாட்டியபடியே, பாடியில் பிளஸ்ஸாக, மாட்டினார். தகடு போன கிளாம்பு தடி முனையில் அழகாக உட்கார்ந்திருக்கும், விரித்திருந்ததை ஒல்லி முனையில் தட்டி இறுக்கியிருப்பார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வீடே கூடி நிற்க, சாவியைத் திருப்பியிருக்கிறார். செல்ஃப் மோட்டார் சுற்றியது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து புகை வந்தது. வண்டி நகரவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை.

நசுங்காத எலுமிச்சம்பழம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொம்பளை கை வைத்த வண்டி என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மாலைகூடக் கழற்றவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். அந்த நாற்றம். அப்படியே போய் சீட்டுக்குப் பின்னால் இருந்த பேட்டரியைப் பார்த்தேன்.

"யாரு இதத் திருப்பி மாட்டுனது?"

"நான்தான். எப்பவும் மாட்டுறாப்ல மாட்டுனேன்" என்றார் கலியமூர்த்தி.

"மாத்தி மாட்டிருக்கேன்னு சொன்னேனில்ல!"

எறையூர்க்காரர் குறுக்கே வந்தார். "மாத்தியாச்சுன்னுதானம்மா சொன்ன. மாத்துனா புதுசு போட்டுருக்கன்னு நெனச்சேன். இவன்ட்டயும் அப்புடித்தான் சொன்னேன், பேட்டரிய மாத்திட்டாங்கடான்னு."

"திருப்புனேன்னு சொன்னியா? ஒரு வார்த்த, திருப்புனேன்னு சொன்னியா?" என்றார் கலியமூர்த்தி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

சொல்லவில்லை. மாத்தி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. செல்வராசு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு எறையூர்க்காரரிடம் சொன்னார், "பொம்பளப் புள்ளைட்ட குடுத்தது ஏந்தப்புங்க."

புதுக் கிளாம்பு தராதது அவர் தப்பு இல்லையாம். எனக்கு அழுகை வரும்போது குரல் கத்தலாக மாறிவிடும், இன்றைக்கும் அப்படித்தான். கத்தினேன். "கலியமூர்த்தி அண்ணே, நீங்க சொல்லுங்க. பதினோரு நாளு ஓட்டுனது நீங்கதான். ஓடுச்சா இல்லியா? எங்கயாச்சும் நின்னுச்சா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கீழே பார்த்தார். செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். "ஏதோ ஓடுச்சு" என்றார்.

அவ்வளவுதான். பழையபடி செய்யச் சொன்னார்கள். நான் மாற்றியதையெல்லாம் நானே திரும்ப மாற்றினேன். காயில் ஒயரை இடம் மாற்றினேன். டைனமோவுக்குப் பழைய திசையில் பொறி காட்டினேன். கலியமூர்த்தி சட்டைப் பையிலிருந்து எமரித்தாளை எடுத்து, பாயிண்டைச் சுரண்டி மாட்டினார். இருமிக்கொண்டு கிளம்பியது வண்டி. அண்ணன் ஓடிப்போய் நாலு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து சக்கரத்தில் வைத்தார். நசுங்கியது. கை தட்டினார்கள், சேலத்துக்காரனும்தான். நான் மேசைக்குப் போய் பில் புத்தகத்தைத் திறந்தேன். அந்த மாதம் முடிந்ததும் நின்றுவிட்டேன்.

பிறகு எங்கெங்கோ வேலை பார்த்து, பெரம்பலூரில் சொந்தக் கடை போட்டேன். அது வேறு கதை, அதில் கோபம் இன்னும் ஜாஸ்தி. கடை போட்ட மறு வருஷம் மொபெட்டில் ஹார்ன் அடிக்கவில்லை என்று ஒரு கிழவர் வந்து நின்றார். கலியமூர்த்தி. என்னை அவருக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். எறையூர்க்காரர் காரைச் சென்னைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டாராம். தனக்கு இப்போது வேலை இல்லை என்றார். நான் ஹார்னைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவராகவே பேசினார்.

"அந்தப் பதினோரு நாளும் எங்கயும் நிக்கல பாப்பா. குரும்பலூரு போறப்ப வழியில எப்பவும் ஒரு டீக்கடகிட்ட நிக்கும். ரிப்பேரு பாத்துக்கிட்டே ஒரு டீ குடிப்பேன். அந்த டீக்கடக்காரன் மறுவாரம் என்னய மறிச்சு, ஏண்டா நிக்காம போற, எங்க கட டீ புடிக்கலியான்னு சண்டைக்கு வந்துட்டான். பூ மாதிரி போச்சு."

"இத அன்னிக்கி சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா எனக்கு என்னா வேல அங்க? சுரண்டுறதுக்குத்தான் சம்பளம்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வேலையைக் கொடுத்து அவர் தன் வேலையை வைத்துக்கொண்டார், அதுதான் நடந்தது. "சரி, இப்ப வாங்க. அரியலூருக்கு வந்து செல்வராசு அண்ணன்ட்ட இதச் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப சொல்லி என்னாம்மா ஆவப் போவுது?"

"எனக்கு ஆவும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செல்வராசு அண்ணன் அரியலூரில் லாரிக்காரர்களிடம் இன்றைக்கும் என்னைப் பற்றிச் சொல்கிறார், காரைக் கொளுத்திவிட்டுப் போனவள் என்று. அரியலூர் லாரி ஒன்றுகூட என் கடைக்கு வருவதில்லை. கலியமூர்த்தி துண்டால் மொபெட் சீட்டைத் துடைத்தார். "பொங்க முடியட்டும். வரேன்" என்றார். ஹார்னுக்குக் காசு வேண்டாம் என்றேன். அது லஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பொங்கல் முடிந்தது. நான் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டேன். காய்ச்சல் என்றார்கள். மாசியில் செத்துப்போனார்.

ரோட்டை அகலப்படுத்தியபோது செல்வராசு அண்ணன் கடை போய்விட்டது, பேச்சு மட்டும் போகவில்லை. அது இருந்த இடத்தில் இப்போது தார். எறையூர்க்காரரிடம் ஒருமுறை போனில் கேட்டேன். "பதினோரு நாளா? அது ஓடவே இல்லியேம்மா, பூசையன்னிக்கிப் பொகஞ்சு போச்சில்ல?" என்றார். பாயிண்ட் வைத்த கார் ஒன்றும் இப்போது கடைக்கு வருவதில்லை. அந்த எஞ்சின் சீராக ஓடியதை நான் சொன்னால் நான் சொன்னதுதான். பதினோரு நாளும் அதைக் கேட்ட காது கலியமூர்த்தியுடையது மட்டும்தான்.

அவர் சாவுக்குப் போனேன். எல்லோரும் அழுதார்கள். அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு ஒங்களத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள். தெரியும் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.